பப்ளிக் ஸ்கூல் என்றால் அரசுப் பள்ளி இல்லையா? ரோடீன் கட்டடம் சொல்லும் கணக்கு

2025 ஜனவரி 1 முதல் பிரிட்டனில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி, அதாவது ‘வாட்’, போடப்படுகிறது. இந்தச் செய்தியைப் படிக்கும் நம்மூர்க்காரருக்கு இரண்டு இடத்தில் கால் இடறும். முதல் குழப்பம் பெயரில். ‘பப்ளிக் ஸ்கூல்களுக்கு வரி’ என்று எழுதுகிறார்கள். பொதுப் பள்ளிக்கு எதற்கு வரி? இரண்டாவது குழப்பம் படத்தில். செய்தியோடு வரும் படத்தில் கோபுரம், புல்வெளி, தேவாலயம் என்று அரண்மனை மாதிரி ஒரு பள்ளி நிற்கிறது. இவ்வளவு சொத்து இருக்கிற இடம் 20 விழுக்காட்டுக்கு ஏன் இப்படிப் பதறுகிறது?

முதல் குழப்பத்தைச் சில வரிகளில் தீர்த்துவிடலாம். இரண்டாவதற்கு வரலாறு வேண்டும், அதிலும் பெண்கள் பள்ளிகளின் வரலாறு. அதற்கு ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம்: இங்கிலாந்தின் தென்கரையில், பிரைட்டன் நகருக்குக் கிழக்கே சுண்ணாம்புப் பாறை மேட்டில் கடலைப் பார்த்து நிற்கும் ரோடீன் பெண்கள் விடுதிப் பள்ளி.

பெயர்களை முதலில் பிரித்துக்கொள்வோம்

1. அரசுப் பள்ளி. வரிப்பணத்தில் நடப்பது, கட்டணம் கிடையாது. அங்கே இதற்கு ‘ஸ்டேட் ஸ்கூல்’ என்று பெயர்.

2. சுயேச்சைப் பள்ளி. அரசு நிதி வாங்காமல் கட்டணத்தில் நடப்பது. ‘இண்டிபெண்டன்ட் ஸ்கூல்’ என்பது இதைத்தான். இங்கிலாந்தில் பள்ளி செல்லும் பிள்ளைகளில் ஏறத்தாழ 7 விழுக்காடு இவற்றில் படிக்கிறார்கள்.

3. பப்ளிக் ஸ்கூல். சுயேச்சைப் பள்ளிகளிலேயே பழையதும் பெரியதுமானவற்றுக்கு வழங்கும் பெயர். வீட்டுக்கு ஆசிரியரை வரவழைத்துப் படிப்பது ‘பிரைவேட்’. எந்த ஊர்ப் பிள்ளையும் வந்து சேரலாம் என்று திறந்திருந்த பள்ளி ‘பப்ளிக்’. திறந்திருந்தது கதவு மட்டும்தான். கட்டணம் கட்ட முடிந்தவர்களே உள்ளே போனார்கள். 1868இல் பாராளுமன்றம் போட்ட பப்ளிக் ஸ்கூல்ஸ் சட்டத்தில் 7 பள்ளிகள் இருந்தன. ஏழும் ஆண் பள்ளிகள்.

ஏழும் ஆண் பள்ளிகள் என்ற இடத்தில்தான் நம் கதை தொடங்குகிறது.

பையன்களுக்கு நிலம், பெண்களுக்கு வாடகை வீடு

வின்செஸ்டர் கல்லூரி 1382இல் ஒரு பிஷப் வைத்தது; பெயர்தான் கல்லூரி, உண்மையில் பள்ளி. ஈட்டனை 1440இல் ஆறாம் ஹென்றி மன்னன் வைத்தான். இரண்டும் தொடங்கும்போதே நிலத்தோடு தொடங்கின. கோயிலுக்கு மானியமாக ஊரை எழுதிவைப்பது நமக்குத் தெரிந்த பழக்கம்தானே, அதே ஏற்பாடுதான் அங்கும். நிலத்தின் வருவாயில் பள்ளி நடக்கவேண்டும், ஏழை மாணவர்கள் இலவசமாகப் படிக்கவேண்டும். பின்னால் பணக்காரப் பிள்ளைகள் வந்து நிறைந்தது வேறு கதை. நிலமும் அதன் வருவாயும் பள்ளியிடமே நின்றன.

பெண்களுக்கு இப்படி எழுதிவைத்தவர்கள் அரிது. 1864 முதல் 1868 வரை இங்கிலாந்தின் இடைநிலைப் பள்ளிகளை ஆராய்ந்த டான்டன் ஆணையம், அறக்கொடை உள்ள பெண்கள் இடைநிலைப் பள்ளிகளைத் தேடிப் பார்த்து 13 மட்டுமே கண்டது. நடுத்தர வீட்டுப் பெண்ணின் படிப்பு என்றால் கொஞ்சம் பிரெஞ்சு, கொஞ்சம் பியானோ, கொஞ்சம் தையல். அதையும் பெரும்பாலும் யாரோ ஒரு திருமணமாகாத அம்மணி தன் வீட்டு முன்னறையில் சொல்லிக்கொடுத்தார்.

ஆணையத்தின் அறிக்கைக்கு முன்பே மாற்றம் தொடங்கியிருந்தது. 1850இல் ஃபிரான்சஸ் பஸ் லண்டனில் பகல் பள்ளி தொடங்கினார். 1854இல் செல்ட்னம் மகளிர் கல்லூரி திறந்தது. 1858இல் அதன் தலைமைக்கு வந்த டொரத்தியா பீல் 1906 வரை அந்த நாற்காலியில் இருந்தார். 1877இல் ஸ்காட்லாந்தில் செயின்ட் லெனர்ட்ஸ் பெண்கள் பள்ளி வந்தது. இந்தப் பெண்களுக்கு அடுத்து எங்கே போவது என்ற கேள்விக்கும் அதே ஆண்டுகளில் விடை கிடைத்தது. கேம்பிரிட்ஜ் படிப்புக்காகக் கிர்ட்டன் 1869இலும் நியூனம் 1871இலும் பெண்களுக்கான கல்லூரிகளாக எழுந்தன. படித்துத் தேர்வு எழுதலாம், பட்டம் மட்டும் கிடையாது. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948இல்தான்.

இந்தப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் ஒரே குறை: சொந்தச் சொத்து இல்லை. செல்ட்னம் கல்லூரிகூட முதல் 20 ஆண்டுகளை வாடகை வீட்டில்தான் ஓட்டியது. அடுத்த பருவத்துக் கட்டணம் வந்தால்தான் அடுத்த பருவத்துச் சம்பளம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் இனி வருவதெல்லாம் விளங்கும்.

மூன்று அக்கா தங்கைகள், பத்து மாணவிகள்

ரோடீன் 1885இல் பிரைட்டனில் தொடங்கியபோது அதன் பெயர் ரோடீன் இல்லை, விம்பிள்டன் ஹவுஸ். டொரத்தி, பெனிலப்பி, மில்லிசன்ட் என்ற லாரன்ஸ் சகோதரிகள் மூவரும் லண்டனை ஒட்டிய விம்பிள்டனிலிருந்து வந்தவர்கள். அப்பா வழக்கறிஞர். அவர் விபத்தில் முடங்கிப்போனதும் பெரிய குடும்பத்தைக் காப்பாற்றப் பெண்கள் சம்பாதிக்க வேண்டியதாயிற்று. அந்தக் காலத்தில் படித்த பெண்ணுக்கு மரியாதை குறையாமல் கிடைத்த தொழில் ஏறக்குறைய ஒன்றுதான். பள்ளி வைத்தார்கள்.

கெம்ப் டவுன் பகுதியில் லூயிஸ் கிரசென்ட் என்று பிறை வடிவில் வளைந்து நிற்கும் வீட்டு வரிசை இருக்கிறது. அதில் ஒரு வீட்டில் பத்து மாணவிகளோடு தொடங்கியது பள்ளி. கூட்டம் சேரச் சேரப் பக்கத்து வீடுகளுக்கும் பரவியது. ஒட்டு வீடுகளில் பள்ளி நடத்துவதில் ஒரு தொல்லை, ஓட இடம் இருக்காது. இந்தச் சகோதரிகளுக்கு அது சின்னத் தொல்லை இல்லை. நாளைக்கு இரண்டு மூன்று மணி நேரம் வெளிக்காற்றில் விளையாட்டு என்பது மாணவிகளின் பெற்றோருக்கு அவர்கள் கொடுத்திருந்த வாக்கு.

ஏன் அவ்வளவு விளையாட்டு?

1874இல் ஹென்றி மாட்ஸ்லி என்ற பெயர்பெற்ற மனநல மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். பெண்ணின் உடலில் இருக்கும் ஆற்றலுக்கு ஓர் அளவு உண்டு. அதை மூளைக்குச் செலவழித்தால் பிள்ளை பெறும் உறுப்புகளுக்குக் குறையும் என்பது அவர் வாதம். இங்கிலாந்தில் பதிவுபெற்ற முதல் பெண் மருத்துவர்களில் ஒருவரான எலிசபெத் காரட் ஆண்டர்சன் உடனே பதில் எழுதினார்: பெண்களைக் கெடுப்பது படிப்பு இல்லை, செய்வதற்கு ஒன்றும் இல்லாத சலிப்புதான் என்ற பொருளில். ஆனால் பயம் பெற்றோர் மனத்தில் இறங்கிவிட்டது. ‘கணக்குப் படித்தால் பெண்ணுக்கு உடம்பு கெட்டுவிடும்’ என்ற பேச்சை வாதத்தால் மட்டும் வெல்ல முடியாது. கன்னம் சிவந்து, கிரிக்கெட் மட்டையோடு நிற்கும் பெண்களைக் காட்டவேண்டும்.

ஆக, விளையாட்டுத் திடல் அங்கே பொழுதுபோக்குக்காக வந்தது இல்லை. பெற்றோருக்கான சாட்சியாக வந்தது. செயின்ட் லெனர்ட்ஸ் பள்ளியில் 1890இல் பெண்கள் லக்ராஸ் என்ற வலைமட்டைப் பந்தாட்டம் விளையாடியதும் இதே வரிசையில்தான் சேரும். கடற்காற்று முகத்தில் அறையும் பாறை மேட்டைத் தேடிப் போய்ப் பள்ளி கட்டியது ஏன் என்பதற்கும் பாதி விடை இதில் இருக்கிறது.

பாறை மேல் ஒரு நீள வரிசை

1898-99இல் புதிய கட்டடம் எழுந்தது. வடிவமைத்தவர் ஜான் வில்லியம் சிம்ப்சன். பின்னாளில் 1923இல் திறந்த பழைய வெம்பிளி ஸ்டேடியத்தை வடிவமைத்த இருவரில் ஒருவர். கிளாஸ்கோ நகரின் கெல்வின்குரோவ் அருங்காட்சியகத்திலும் அவர் கை உண்டு. வெம்பிளியின் இரட்டைக் கோபுரத்தைப் படத்தில் பார்த்தவர்கள் ரோடீன் முகப்பையும் ஒருமுறை பார்க்கலாம். அங்கும் நடுவில் இரண்டு கோபுரங்கள். தற்செயலாகவும் இருக்கலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கட்டடத்தின் அமைப்பில் கவனிக்க வேண்டியவை மூன்று.

1. நான்கு இல்லங்கள். பள்ளி நான்கு ‘ஹவுஸ்’களாகப் பிரிந்து நிற்கிறது. இவற்றுக்கு மகான்கள் பெயரோ ராணிகள் பெயரோ வைக்கவில்லை; ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்தான். இல்லம் என்பது தூங்கும் அறை மட்டும் இல்லை. அதற்கென்று ஒரு பொறுப்பாசிரியை, ஒரு கூடம், ஒரு பழக்கவழக்கம். பெரிய பள்ளி சிறிய குடும்பங்களாக உடைந்தது. இது ஆண் பள்ளிகளிடமிருந்து வாங்கிய முறை. ஆனால் வாடகை வீடுகளில் வளர்ந்த பள்ளிக்கு அது புதிதும் இல்லை. லூயிஸ் கிரசென்டின் வீடுகளை எடுத்து வந்து ஒரே கூரையின் கீழ் வரிசையாக வைத்த மாதிரிதான் இருக்கிறது.

2. எல்லாம் தெற்கே பார்க்கிறது. நீளவாக்கில் ஒரே வரிசை, முன்னால் ஆங்கிலக் கால்வாய். வெயிலும் காற்றும் எல்லா இல்லத்துக்கும் சமமாகக் கிடைக்கும். அதே காற்று உப்பையும் கொண்டுவரும் என்பதையும் சொல்லவேண்டும். இரும்பு, சுவர்ப்பூச்சு, சன்னல் சட்டம் எதையும் கடல் சும்மா விடாது. கடலோரத்தில் வீடு கட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

3. தவணை தவணையாக வளர்ந்தது. 1906இல் தேவாலயம், 1911இல் கலைக்கூடமும் நூலகமும். பாறையைக் குடைந்து கடற்கரைக்கு இறங்கும் சொந்தச் சுரங்கப்பாதையும் உண்டு. மாணவிகள் சாலையைக் கடக்காமல் குளிக்கப் போகலாம். மன்னன் கொடுத்த பணம் என்றால் தேவாலயம்தான் முதலில் எழும். ஈட்டனில் அப்படித்தான் திட்டம் போட்டார்கள். இங்கே முதலில் கட்டணம் கட்டும் பிள்ளை தூங்கும் இடம், அப்புறம்தான் சாமி.

1938இல் அரச சாசனம் கிடைத்தது. சகோதரிகளின் குடும்பப் பள்ளியாகத் தொடங்கியது, அதற்குள் தனியாருக்கு உரிமையில்லாத நிரந்தர நிறுவனமாகியிருந்தது. பள்ளியின் முறை கடல் கடந்தும் போயிருந்தது. 1903இல் இன்னொரு சகோதரி தெரசா லாரன்ஸ், கேதரின் மார்கரெட் ஏர்ல் என்பவரோடு சேர்ந்து ஜோகன்னஸ்பர்கில் ஒரு ரோடீனைத் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது.

மாளிகையை வாங்கிய பள்ளி

எல்லோரும் புதிதாகக் கட்டவில்லை. விக்கம் அபே இன்னொரு வழி. செயின்ட் லெனர்ட்ஸில் தலைமையாசிரியையாக இருந்த ஜேன் ஃபிரான்சஸ் டோவ், 1896இல் லண்டனுக்கு வடமேற்கே ஹை விக்கம் ஊரில் ஒரு பிரபுவின் மாளிகையை வாங்கி 40 மாணவிகளோடு தொடங்கினார். இதற்காகவே பங்கு போட்டு ஒரு கம்பெனி.

‘அபே’ என்றால் துறவியர் மடம். இந்த இடத்தில் மடமும் இருந்ததில்லை, துறவியும் இருந்ததில்லை. கேரிங்டன் பிரபு 1798இல் வாங்கிய வீட்டை ஜேம்ஸ் வயட் என்ற கட்டடக் கலைஞர் கோதிக் பாணியில் மாற்றிக் கட்டினார். பழமையாகத் தெரிவது அன்றைய மோஸ்தர்; பெயரும் மோஸ்தருக்கு வைத்ததுதான். இப்படிப் பழைய மடம் போலவே தோன்றும் பல பள்ளிகளின் ‘பழமை’யைச் சற்றுச் சுரண்டினால் உள்ளே பத்தொன்பதாம் நூற்றாண்டுதான் இருக்கும்.

மாளிகை வாங்கினால் முதல் செலவு குறைவு, பராமரிப்புச் செலவு தொடர்கதை. புதிதாகக் கட்டினால் கடன் முதலிலேயே கழுத்தில் விழும், ஆனால் பள்ளிக்குத் தோதான அறைகள் கிடைக்கும். இரண்டு வழியிலும் பணம் வந்தது பெற்றோரிடமிருந்துதான்.

போர் வந்தபோது

பெரிய கட்டடம், நிறையப் படுக்கை, நிறையக் குளியலறை. போர்க்காலத்தில் அரசுக்கு இதைவிட என்ன வேண்டும்?

1940இல் பிரான்ஸ் விழுந்ததும் ஜெர்மன் படை வந்து இறங்கக்கூடிய கரை என்று இங்கிலாந்தின் தென்கரையைக் கணக்கில் எடுத்தார்கள். ரோடீன் மாணவிகள் வடமேற்கே ஏரி மாவட்டத்தில் உள்ள கெசிக் ஊருக்குப் போனார்கள். அங்கே ஒரு ஹோட்டலில் தங்கல். பக்கத்து ரயில் நிலைய அறைகளிலும் வகுப்பு. அந்த ஆண்டுகளில் பள்ளியை நடத்தியவர் எம்மெலின் டானர். 1924 முதல் 1947 வரை தலைமை. பாறை மேட்டுக் கட்டடத்தில் கடற்படையின் வெர்னன் பயிற்சி நிலையம் குடியேறியது. டார்பிடோ, கண்ணிவெடி, மின்சாரம் ஆகியவற்றைப் படிக்க மாலுமிகள் ஆயிரக்கணக்கில் வந்துபோனார்கள்.

விக்கம் அபேயை 1942இல் அமெரிக்க எட்டாம் விமானப் படை எடுத்துக்கொண்டது. குண்டுவீச்சுப் பிரிவின் தலைமையகம், குறிப்பெயர் பைன்ட்ரீ. அந்தப் பள்ளி மூடப்பட்டு 1946இல்தான் மறுபடி திறந்தது.

இரண்டு பள்ளியைப் பற்றியும் ஒரே கதையைச் சொல்வார்கள். தூங்கும் அறைச் சுவரில் ‘இரவில் மிஸ்ட்ரஸ் தேவைப்பட்டால் மணி அடிக்கவும்’ என்று ஒரு பலகை. மிஸ்ட்ரஸ் என்றால் ஆசிரியை. இன்னொரு பொருளும் உண்டு. முதல் இரவே எல்லா மணியும் ஒரே நேரத்தில் அலறியதாம். ஒரே கதையை இரண்டு ஊர் சொந்தம் கொண்டாடுவதால் எவ்வளவு நம்புவது என்பதை வாசகரிடம் விட்டுவிடுகிறேன்.

இப்போது வரிக்கு வருவோம்

வாட் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் ‘கட்டணம் 20 விழுக்காடு கூடிவிட்டது’ என்று சொல்லக்கூடாது. நம் ஜிஎஸ்டி தெரிந்தவர்களுக்கு இது எளிது.

1. முன்பு கல்விச் சேவைக்கு வரிவிலக்கு. பள்ளி பெற்றோரிடம் வாட் வாங்காது. ஆனால் கூரை வேய்ந்தவர், கணினி விற்றவர் ஆகியோருக்குப் பள்ளி கொடுத்த வாட் திரும்பவும் வராது. அது பள்ளியின் செலவு.

2. இப்போது பள்ளி 100 பவுண்டு கட்டணத்துக்கு 20 பவுண்டு வரி சேர்த்து வாங்கி அரசுக்குக் கட்டவேண்டும். விடுதிக் கட்டணத்துக்கும் அப்படியே. ஆனால் தான் வாங்கிய பொருளுக்கும் சேவைக்கும் கொடுத்த வாட்டை அதில் கழித்துக்கொள்ளலாம். இது நம் ‘இன்புட் கிரெடிட்’தான்.

3. சம்பளத்துக்கு வாட் கிடையாது. பள்ளியின் மிகப் பெரிய செலவு ஆசிரியர் சம்பளம். அதனால் கழித்துக்கொள்ளக் கிடைப்பது கொஞ்சம்தான். பல பள்ளிகள் ஒரு பகுதியைத் தாங்கிக்கொண்டு மீதியைப் பெற்றோர் தலையில் வைத்தன.

4. தொண்டு நிறுவனமாகப் பதிவான பள்ளிகளுக்கு வணிகச் சொத்து வரியில் 80 விழுக்காடு சலுகை இருந்தது. 2025 ஏப்ரலில் இங்கிலாந்தில் அதுவும் போனது. கட்டடம் பெரிதாக இருந்தால் இந்தச் சுமையும் பெரிது.

கட்டடக் கணக்கு இங்கேதான் சுவையாகிறது. ரோடீன் மரபுச் சின்னப் பட்டியலில் இரண்டாம் நிலையில் உள்ள கட்டடம். பட்டியலில் ஏறினால் சன்னலை மாற்றக்கூட உள்ளூர் அதிகாரிகளின் இசைவு தேவைப்படலாம். மலிவான பிளாஸ்டிக் சட்டம் போட்டுச் சமாளிக்க முடியாது. இப்படிப்பட்ட கட்டடங்களில் இசைவு பெற்றுச் செய்யும் மாற்றங்களுக்கு இருந்த வாட் சலுகையை 2012 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். உப்புக் காற்று தின்ற கல்லைச் சரிசெய்தால் எப்போதுமே முழு வரிதான்; அன்றிலிருந்து மாற்றங்களுக்கும் முழு வரி; எதுவும் திரும்பவும் வராது. புதிய சட்டத்தில் அந்த வரியைக் கழித்துக்கொள்ளலாம். கடந்த 10 ஆண்டுக்குள் பெருஞ்செலவில் எழுப்பிய கட்டடங்களுக்குக் கொடுத்த வாட்டிலும் ஒரு பங்கைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. பழைய கட்டடம் நிறைய வைத்துக்கொண்டு அடிக்கடி பழுதுபார்க்கும் பள்ளிக்கு இதில் சிறு ஆறுதல். ஆனால் கழித்துக்கொள்ள முதலில் செலவழித்திருக்க வேண்டும். கையில் காசில்லாமல் பழுதைத் தள்ளிப்போட்ட பள்ளிக்கு இதில் ஒன்றுமில்லை.

எல்லாவற்றுக்கும் வரிதான் காரணமா?

இல்லை. வரிக்கு எதிராகப் பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பெண்கள் விடுதிப் பள்ளிகளின் நெருக்கடி பல பத்தாண்டு பழையது. 1968இல் மார்ல்பரோ என்ற ஆண் பள்ளி தன் மேல்வகுப்பில் பெண்களைச் சேர்த்தது. பிறகு ஒவ்வொன்றாக மற்ற ஆண் பள்ளிகளும் கதவைத் திறந்தன. 1382இல் வைத்த வின்செஸ்டர்கூட 2022இல் மேல்வகுப்புக்குப் பெண்களை எடுத்தது. நிலமும் பெயரும் உள்ள பள்ளிகள் பெண்களை ஏற்றுக்கொண்டதும், அவை இல்லாத பெண்கள் பள்ளிகள் தங்கள் மாணவிகளையே இழந்தன. பெண்களுக்கு நல்லது, பெண்கள் பள்ளிக்கு அல்ல.

அதற்கு ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு விதமாக ஈடுகொடுத்தது. செயின்ட் லெனர்ட்ஸ் 1999இல் பையன்களையும் சேர்த்து இருபாலர் பள்ளியானது. விக்கம் அபே பெண்கள் பள்ளியாகவே நின்று, தன் பெயரில் சீனாவில் பள்ளிகள் நடக்க இடம் கொடுத்தது. ரோடீனும் பெண்களுக்கு மட்டும்தான் இன்றுவரை. ஆனால் விடுதி மாணவிகளோடு தினமும் வந்துபோகும் மாணவிகளையும் சேர்த்துக்கொள்கிறது.

ரோடீன் இன்னொன்றும் செய்து பார்த்தது. கிழக்கே ஈஸ்ட்போர்னில் இருந்த மொய்ரா ஹவுஸ் தன்னைவிட 10 ஆண்டு மூத்த பெண்கள் பள்ளி, 1875இல் தொடங்கியது. 2018இல் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. இரண்டே ஆண்டில், 2020 கோடையில், கொரோனா நெருக்கடியோடு அந்தப் பள்ளி மூடப்பட்டது. அப்போது பள்ளிக் கட்டணத்துக்கு வாட் வர இன்னும் நாலரை ஆண்டு இருந்தது.